உகாலி என்றால் களிதான்

ஆகஸ்ட் 4, திங்கள். நைரோபி

வந்து சேர்ந்தாயிற்று. ஆறு பெட்டியும் பத்திரம். இட்லிப் பாத்திரத்தின் மூடி மட்டும் நசுங்கிவிட்டது, தட்டிச் சரி செய்துகொள்ளலாம்.

புது நோட்டு என்பதால் முதல் பக்கத்தில் விவரம் எழுதிவிடுகிறேன். தொலைந்தால் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். பெயர் சாரதாமணி. வயது நாற்பத்தொன்பது. ஊர் அவினாசி. வேலை சமையல். கோயம்புத்தூர்க்காரர்கள் பதினெட்டுப் பேர் கென்யாவுக்குச் சிங்கம் பார்க்க வந்திருக்கிறார்கள். சிங்கமே எதிரில் வந்து நின்றாலும் மதியம் சாம்பார் வேண்டும் என்பதால் என்னையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

டூர் மேனேஜர் கோகுல்நாத் விமான நிலைய வாசலிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சட்டம் சொல்லிவிட்டார். முப்பத்துமூன்று வயது. நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"அக்கா, நீங்க சமையலோட நின்னுக்கோங்க. பேக்ஸ்கிட்ட வாயே குடுக்கக்கூடாது. ஏதாச்சும் கேட்டாங்கன்னா சிரிச்சிட்டு என்னையக் கை காட்டிருங்க. இந்த ட்ரிப்பு நல்லபடியா முடிஞ்சா வருசத்துக்கு ஆறு டூரு உங்களுக்குத்தான். ஓனர்கிட்ட நான் பேசறேன்."

பேக்ஸ் என்றால் பயணிகள். மனிதர்களை எண்ணிக்கையாகப் பார்க்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

ஆறு டூர். எங்கள் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்தில் அடுப்பு பற்றவைத்தாலும் யாராவது ஒருவர் வந்து, "இந்தம்மாவா? வேண்டாமே" என்று மாப்பிள்ளை வீட்டாரின் காதைக் கடிப்பது பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. ஏன் என்று இங்கே எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியும், போதும். இந்த வேலை நிலைத்துவிட்டால் அவர்கள் ஒருவர் தயவும் எனக்கு வேண்டாம். ஒன்பது நாள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மகள் மௌனிகாவும் போனில் அதையேதான் சொன்னாள். "அம்மா, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு." சேலத்தில் நர்ஸாக இருக்கிறாள். நோயாளிகளை அதட்டும் பழக்கத்தை என்னிடமும் காட்டுகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். நைவாஷா

பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. மேட்டில் இருக்கிற ஊர், அப்படித்தான் என்றார் வேன் ஓட்டும் கமாவ். குக்கரில் மூன்று விசில் கூடுதலாக விட்டேன்.

கமாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நம் ஆட்களை ஏற்றி இறக்கியே தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். "அக்கா, சாப்பாடு சூப்பர். போலாமா? சிங்கம் தூங்கு." இவ்வளவு தமிழை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை விட இது அதிகம்.

எல்லோரும் படகில் ஏறி நீர்யானை பார்க்கப் போனார்கள். நான் நீர்ப்பூசணி நறுக்கினேன்.

பேக்ஸில் பெரிய ஆள் சென்னியப்பன் என்பவர். ஸ்பின்னிங் மில் வைத்திருந்தாராம். ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "மொளகு தூக்கலா இருக்குது" என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னார். சிரித்துவிட்டுக் கோகுலைக் கை காட்டினேன். அவருடைய மனைவி இந்திராணியம்மா பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் அப்பளம் வைக்கப் போனபோது, "அவளுக்கு வேண்டாம், அவளுக்கு ஆகாது" என்று சென்னியப்பன் கையை நீட்டி மறித்தார். கோழிக்கும் அதே. தயிருக்கும் அதே. எனக்குத் தெரிந்து தயிர் ஆகாத கோயம்புத்தூர்க்காரி யாரும் இல்லை.

வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இட்லி பஞ்சு மாதிரி வந்தது. யாரும் சொல்லவில்லை, அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன். மசாய் மாரா

ஆறு மணிநேரம் வேன். கடைசி இரண்டு மணிநேரம் ரோடே இல்லை. ஊறவைத்த உளுந்தை வண்டியில் ஏற்றியிருந்தால் ஆட்டாமலே வடை மாவாகியிருக்கும்.

இங்கே கூடாரத்தில் தங்க வேண்டும். கூடாரம் என்றால் உள்ளே கட்டில், மேஜை, வெந்நீர் எல்லாம் உண்டு. சமையல் கொட்டகை பெரியது. கரி அடுப்பு, கேஸ் அடுப்பு இரண்டும் இருக்கின்றன. கேம்ப்பின் சமையல்காரி பெயர் முத்தோனி. என் வயதுதான். என்னையும் என் ஆறு பெட்டிகளையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொட்டகையில் பாதியை எனக்கு ஒதுக்கி, நடுவே தரையில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். கோட்டைத் தாண்டாதே என்கிறாள். எனக்குப் பிடித்துவிட்டது.

மதியப் பந்தியில் ஒரு கூத்து. இந்திராணியம்மா கைப்பையிலிருந்து டூர்க்காரர்கள் கொடுத்த வண்ணக் காகிதத்தை எடுத்தார். இதுவரை அவர் குரலையே நான் கேட்டதில்லை.

"ஏனுங் தம்பி, இதுல 'கென்யாவின் பாரம்பரிய உணவுகளைச் சுவைத்து மகிழுங்கள்'னு போட்டிருக்குதே. அது எந்த நாளுங்க?"

"அதெல்லாம் உனக்கு ஆகாது," என்றார் சென்னியப்பன்.

"எனக்கில்லீங்க. காயிதத்துல இருக்குது, அதான் கேட்டேன்."

அந்தப் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் தங்கள் காகிதத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். ஆமாம், போட்டிருக்கிறதே என்றார்கள். கோகுலுக்கு வியர்த்துவிட்டது. சனிக்கிழமை மதியம் ஸ்பெஷல் என்று அந்த இடத்திலேயே ஒரு பொய்யை உண்டாக்கினார். பிறகு கொட்டகைக்கு ஓடிவந்து, அந்தப் பொய்யை நிஜமாக்கும் வேலையை என் தலையில் கட்டினார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று முத்தோனி தன் கோட்டைத் தானே காலால் அழித்தாள். அவள் சமையலைச் சொல்லிக்கொடு என்று நான் கேட்டதுதான் காரணம். எத்தனையோ டூர் சமையல்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள், ஒருவர்கூட "நீ என்ன சமைக்கிறாய்" என்று கேட்டதில்லையாம். கமாவ் நடுவில் உட்கார்ந்து பாதித் தமிழும் பாதி சைகையுமாகப் பேச்சை மாற்றிக் கொடுத்தார்.

காலையில் அவள் எனக்கு உஜி என்று ஒரு குவளை கொடுத்தாள். குடித்தேன். ராகிக் கூழ்! கொஞ்சம் புளிக்கவைத்து, சர்க்கரை போட்டு, சுடச்சுட. ஏழு கடல் தாண்டி வந்து ராகிக் கூழ் குடிக்கிறேன் என்று சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

கிதேரி என்பது மக்காச்சோளத்தையும் சிவப்புப் பயறையும் ஒன்றாக வேகவைத்துத் தாளிப்பது. நம் சுண்டலுக்கு உறவு. கமாவ் அதைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். ஹாஸ்டலில் நாலு வருடம் தினமும் அதைத்தான் போட்டார்களாம். முகிமோ என்பது உருளைக்கிழங்கு, பட்டாணி, சோளம், பூசணி இலை எல்லாவற்றையும் போட்டு மசிப்பது. பச்சைப் பசேலென்று இருக்கிறது. பூசணி இலையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த எத்தனை வருடங்கள் வீண் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாமா சோமா என்பது ஆட்டிறைச்சியை உப்பு மட்டும் தடவிக் கரி நெருப்பில் மணிக்கணக்காகச் சுடுவது. மசாலா வேண்டாமா என்று மிளகாய்த்தூள் டப்பாவை நீட்டினேன். முத்தோனி என்னைப் பார்த்த பார்வையில் டப்பாவை மூடிவிட்டேன். தொட்டுக்கொள்ள கச்சும்பாரி. வெங்காயப் பச்சடிக்குத் தயிர் ஊற்ற மறந்தால் அது.

கீரைக்குப் பெயர் சுகுமா விக்கி. பொடியாக நறுக்கி வெங்காயம் தக்காளியோடு ஒரு வதக்கு. பெயருக்கு அர்த்தம் 'வாரத்தைத் தள்ளு' என்றார் கமாவ். கையில் ஒன்றும் இல்லாத நாட்களில் இந்தக் கீரைதான் வாரத்தைத் தள்ளிவிடுமாம். நாமும் காலம் தள்ளுவது என்றுதானே சொல்கிறோம். நானும் தள்ளியிருக்கிறேன். வாரங்களை அல்ல, மாதங்களை. ஏழு.

கடைசியில் உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டித் தட்டையான மரத்துடுப்பால் கிண்டுகிறாள். பானை ஓரத்தில் அழுத்தி, திருப்பி, கட்டி தட்டாமல். எனக்குக் கை பரபரத்தது. துடுப்பை வாங்கி, பானையைத் தரையில் இறக்கிச் சாக்கைச் சுற்றி, இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நானே கிண்டினேன். முத்தோனி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். கவிழ்த்தபோது உருண்டையாக, பளபளவென்று வந்து நின்றது.

"களி!" என்றேன். "எங்க ஊர்ல இதுக்குக் களின்னு பேரு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் பாஷையில் கலி என்றால் முரட்டு, கடிக்கிற என்று அர்த்தமாம். வீட்டுக் கேட்டில் நாய் படம் போட்டுக் கலி என்று எழுதியிருப்பார்களாம். அப்போதிலிருந்து என்னை 'மாமா கலி' என்று கூப்பிடுகிறாள். மாமா என்றால் இங்கே அம்மா. கடிக்கிற அம்மா. யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சமையல் பிரமாதம். அதில் ஒரு குறையும் இல்லை. மரத்தடியில் மேஜை போட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் கோகுல் விளக்கம் சொல்வதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து நைரோபி ஹோட்டலிலிருந்து அவருக்குப் போன் வந்தது. சிக்னல் கிடைக்கிற மேட்டைத் தேடி ஓடிவிட்டார். பேக்ஸ் தட்டோடு வந்து நின்று, இது என்ன, அது என்ன என்று என்னைக் கேட்டார்கள். கை காட்ட ஆள் இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே குஷி வந்துவிட்டது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சென்னியப்பன் உருண்டையைக் கரண்டியால் குத்திப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"உகாலிங்கய்யா. நம்ம களிதானுங்க. இவங்க மக்காச்சோளத்துல கிண்டறாங்க."

"களியா?" கரண்டியைப் போட்டுவிட்டார். "இத்தன தூரம் ப்ளைட்டு ஏறி வந்து களி திங்கறதுக்கு நா என்ன ஜெயிலுக்கா வந்திருக்கறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது.

"ஜெயில்ல கைதிக்குப் போடறதக் கொண்டாந்து ஸ்பெஷலுன்னு தட்டுல வெக்கறாங்க பாருங்க."

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு மனிதர் சாப்பாட்டைப் பற்றித் தப்பாகச் சொன்னால் என்னால் திருத்தாமல் இருக்க முடியாது. உப்பு அதிகம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வேன். இல்லாததைச் சொல்லாதீர்கள்.

"ஜெயில்ல களி போடறதில்லீங்கய்யா. காலைல பொங்கலு, இல்லீன்னா உப்புமா. மத்தியானம் சோறு, சாம்பாரு. வாரத்துல ஒரு நாளைக்குக் கோழி. கொழம்புல உப்பே இருக்காது, நாமதான் கேட்டு வாங்கிப் போட்டுக்கோணும். களியெல்லாம் வெளிய இருக்கறவங்க சொல்ற கதைங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

பதினெட்டு முகமும் என்னைப் பார்த்தது. 'நாமதான்' என்ற அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"இதெல்லாம் உனக்கெப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் சென்னியப்பன், மெதுவாக.

நான் சிரித்துவிட்டுக் கோகுல் போன மேட்டைக் கை காட்டினேன். அதுதானே சட்டம்.

ஒவ்வொருவராகத் தட்டை வைத்தார்கள். ஆட்டிறைச்சியை மட்டும் முத்தோனியின் கையால் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே ஆறிப்போயிற்று. இந்திராணியம்மா முகிமோவைத் தொட விரலை நீட்டியதைப் பார்த்தேன். சென்னியப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனார். பிடித்த இடத்தை அந்தம்மா வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோகுலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏழு மாதம், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அடிதடிக் கேஸ். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது.

என் கையால் சாப்பிட மாட்டோம் என்று பன்னிரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எனவே எனக்கு இன்று சமையல் இல்லை. எல்லோருக்கும் கேம்ப் சாப்பாடு: ரொட்டி, அவித்த காய், சூப். மதியமே இரண்டு பேர் ஊறுகாய் இருக்குமா என்று கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். என் கை படாத பாட்டில் என்று காட்டி, மூடியின் சீலைப் பிரிக்காமல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், வெட்கமில்லாமல்.

சாயந்திரம் கோகுல் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"அக்கா, நல்லா ஓசன பண்ணிட்டேன். நாளைக்கு இங்க கடைசி மத்தியானம். நீங்க எல்லாருக்கும் முன்னால நின்னு இதப் படிச்சிருங்க. அப்புறம் சாம்பாரு, வடை, பாயாசம்னு அசத்திருங்க. அத்தோட மறந்துருவாங்க. நானும் ஓனர்கிட்ட ஒண்ணும் சொல்லல."

படித்துப் பார்த்தேன். 'சிறைத்துறைக்கு ஒப்பந்த அடிப்படையில் உணவு வழங்கும் நிறுவனத்தில் நான் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு நகைச்சுவையாகக் கூறியது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டமைக்கு வருந்துகிறேன்.' நல்ல தமிழ். மூச்சு வாங்கிப் படிக்க வேண்டிய தமிழ்.

"இது பொய்யுங்களே?"

"பொய்யில்லீங்க்கா. ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்டு. ஆறு டூர நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். நன்றாகவே நினைத்தேன். சிங்கப்பூர், துபாய், இலங்கை என்று எல்லா அடுப்பையும் நினைத்துப் பார்த்தேன். ஆசையில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்.

மேட்டில் ஏறி மௌனிகாவைக் கூப்பிட்டேன். எல்லாம் கேட்டாள். "அவர் எழுதிக் குடுத்ததப் படிச்சிட்டு வந்திரும்மா," என்றாள். "எனக்காக ஒரு தடவ பண்ணின பாரு, அது போதும். இப்ப உனக்காகப் பண்ணு."

அழுதாள் என்று நினைக்கிறேன். சிக்னல் சரியில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள். காலை

எனக்காகப் பண்ணு என்றாள். எனக்காகத்தான் பண்ணப்போகிறேன். அவள் நினைத்தது வேறு, நான் எடுத்துக்கொண்டது வேறு. அம்மா மகள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

முத்தோனியிடம் போய்ப் பெரிய பானையைக் கேட்டேன். அவளுக்கு விஷயம் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கமாவ் சொல்லியிருக்கலாம். பானையை எடுத்துக் கொடுத்துவிட்டு மாவு மூட்டையை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 11, மாலை

பந்தி முடிந்த கையோடு அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

சாம்பார் வைத்தேன். சோறு வடித்தேன். கேட்பவர்களுக்கு இருக்கட்டும், யாரையும் பட்டினி போட நான் வரவில்லை. ஆனால் நடு மேஜையில் உகாலியும் சுகுமா விக்கியும் முகிமோவும் கிதேரியும்தான். அன்று தொடாமல் ஆறிப்போன அதே சாப்பாடு. கோகுல் மேஜையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் என் கையில் காகிதம் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் முன்னால் போய் நின்றேன். பயம்தான். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. மேனேஜரு ஒரு காயிதம் எழுதிக் குடுத்து இதப் படின்னு சொன்னாருங்க. நல்ல மனுசன், என்னையக் காப்பாத்தத்தான் எழுதினாரு. ஆனா இதுல இருக்கறது பொய்யுங்க. அதனால படிக்கல."

காகிதத்தை நாலாக மடித்து மேஜையில் வைத்தேன். கோகுல் "அக்கா" என்று வாயசைத்தார்.

"நா ஜெயில்ல ஏழு மாசம் இருந்தனுங்க. சமைக்கப் போகல. கைதியாப் போனேன். வெளிய வந்து பன்னெண்டு வருசமாச்சு. இந்தக் கையில எத்தனையோ கல்யாணத்துல எத்தனையோ ஆயிரம் பேரு சாப்பிட்டிருக்காங்க, உங்கள்ல சில பேருகூடச் சாப்பிட்டிருப்பீங்க, தெரியாது. எதுக்குப் போனேன்னு கேட்டா சொல்றேன். கேக்க வேண்டாம்னா சாப்பிடுங்க. ரெண்டும் வேண்டாம்னா ரொட்டி இருக்குதுங்க. அப்புறம், இது உகாலிங்க. உகாலின்னா களிதான். களி திங்கறது ஒண்ணும் கேவலமில்லீங்க. இந்த ஊர்ல வேலைக்குப் போறவங்க, பள்ளிக்கூடம் போறவங்க எல்லாரும் இதத் தின்னுட்டுத்தான் போறாங்க."

அவ்வளவுதான் பேசினேன். இன்னும் நிறைய யோசித்து வைத்திருந்தேன், மறந்துவிட்டது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து ரொட்டி மேஜைக்குப் போயிற்று. இன்னொரு குடும்பமும் போயிற்று. சென்னியப்பன் நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்ன தைரியம் இருந்தா நம்ம மூஞ்சி முன்னாலயே சொல்லுவா! இந்திரா, எந்திரி. போலாம்."

இந்திராணியம்மா எழுந்தார். தட்டை எடுத்தார். ரொட்டி மேஜை வலதுபக்கம் இருந்தது. அந்தம்மா நேராக நடந்து என் முன்னால் வந்து நின்றார்.

"எதுக்கு உள்ள போன, அம்மிணி?"

பன்னிரண்டு வருடத்தில் போலீஸும் வக்கீலும் தவிர வேறு யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் பதில் தெரியும், அல்லது பதில் தேவையில்லை.

"எம் பொண்ணுக்குப் பதினாலு வயசுங்க. ஒம்பதாவது படிச்சிட்டிருந்தா. அவங்கப்பா அதுக்கு முந்தின வருசம் தவறிட்டாருங்க. எம் நாத்தனா வீட்டுக்காரரு வந்து, படிச்சது போதும், எம் பையனுக்குக் கட்டிவெக்கறேன்னு அவ முடியப் புடிச்சு வாசலுக்கு இழுத்தாருங்க. நா முறுக்குச் சுட்டிட்டிருந்தேன். விடுங்கன்னு மூணு தடவ சொன்னேன். விடல. எண்ணெய்க்குள்ள இருந்த ஜல்லிக்கரண்டிய எடுத்து மூஞ்சிலயே ஒண்ணு வெச்சேன்."

"அப்புறம்?"

"விட்டுட்டாருங்க."

அந்தம்மா என்னையே பார்த்தார். நான் தலை குனியவில்லை. ஜட்ஜ் முன்னாலும் அப்படித்தான் நின்றேன். செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டேன், வருத்தப்படுகிறாயா என்று கேட்டதற்கு இல்லை என்றேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தக் கை?" என்று கேட்டார் இந்திராணியம்மா.

"வலது கைங்க."

தட்டை நீட்டினார். "அதுலயே போடு."

என்னால் உடனே அசைய முடியவில்லை. முத்தோனி பின்னாலிருந்து என் முதுகில் ஒரு குத்து விட்டாள். களியைப் பிட்டு உருட்டி வைத்தேன். கீரை வைத்தேன், முகிமோ வைத்தேன்.

"இந்திரா!" சென்னியப்பனின் குரல் கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். "உனக்கு அது ஆகாது!"

"ஆகுதா ஆகலையான்னு தின்னு பாத்துட்டுச் சொல்றனுங்க," என்றார் அந்தம்மா.

பெரிய குரலெல்லாம் இல்லை. காகிதத்தைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான். அங்கேயே, எனக்குப் பக்கத்தில், முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு உருண்டையைக் கிள்ளி, கட்டைவிரலால் குழி பண்ணி, அதில் கீரையை அள்ளி வாயில் போட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் சாப்பிட்டார். சென்னியப்பன் நின்றுகொண்டே இருந்தார். நாற்பது வருடமாக அந்தம்மா சாப்பிடுவதை அவர் பார்த்ததே இல்லையோ என்னவோ, அப்படிப் பார்த்தார்.

நாலு பேர் தட்டோடு வந்தார்கள். நாலே நாலு பேர்தான். மற்றவர்கள் வரவில்லை, எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கோகுல் மடித்த காகிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு டூரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்.

இந்திராணியம்மா தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்குதா, அம்மிணி?"

பானையில் இருந்ததை முழுக்க வழித்துப் போட்டேன், வலது கையால்.